எல்லையோர மறுவாழ்வு முகாமில் ஒரு பிரசவம்: சேவை எந்தெந்த இடத்தில் அறுந்தது

திருவள்ளூர் மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஜி.என்.டி. சாலையில் போனால் எளாவூர் சோதனைச்சாவடி, ஆரம்பாக்கம், அதையடுத்து ஆந்திராவின் தடா என்று வரிசையாக வரும். இந்தப் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை, அந்தப் பக்கம் ஸ்ரீசிட்டி. தமிழும் தெலுங்கும் ஒரே டீக்கடையில் புழங்கும் வட்டாரம். இலங்கைப் போரில் இடம்பெயர்ந்து வந்தவர்களும் இந்த மாவட்டத்து முகாம்களில் வாழ்கிறார்கள். 1983 முதல் தமிழ்நாட்டுக்கு வந்தவர்கள் 3 லட்சத்துக்கும் மேல். 2021-ல் அரசு கணக்கெடுத்தபோது 29 மாவட்ட முகாம்களில் 58 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். அகதிகள் முகாம் என்ற பெயர் அந்த ஆண்டில்தான் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாறியது.

இங்கே எடுத்துக்கொண்டது கற்பித்தலுக்காகக் கட்டிய மாதிரி நிகழ்வு. எல்லையோரத்தில் திரும்பத் திரும்ப நடக்கக்கூடியவற்றை ஒரே தாயின் வழியில் கோத்திருக்கிறோம். எந்த ஒரு முகாமையும் மருத்துவமனையையும் தனி ஒருவரையும் இது குறிக்கவில்லை. மருந்தளவுகள், சட்டங்கள், கணக்குகள் மட்டும் உள்ளவை உள்ளபடி.

எங்கள் வாதம் இதுதான். இந்த வட்டாரத்தில் பேறுநலச் சேவை இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கிராம சுகாதார செவிலியர், ஆரம்ப சுகாதார நிலையம், 108 வண்டி, அறுவை வசதியுள்ள மருத்துவமனை எல்லாம் இருக்கின்றன. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குத் தாய் மாறும் இடங்களில்தான் சேவை அறுகிறது. முகாம் வாழ்க்கையில் அப்படிக் கைமாறும் இடங்கள் மற்ற ஊர்களைவிட அதிகம்.

நடந்தது என்ன

தாய்க்கு வயது 26, எடை 45 கிலோ, இரண்டாவது பேறு. கணவர் பெயிண்ட் வேலைக்காக நெல்லூர்ப் பக்கம் தங்கி, வாரக்கடைசியில் வருவார். தாய்க்கு ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் ஷிப்ட் வேலை. பத்தாவது வாரத்தில் செவிலியர் பதிவு செய்து, கர்ப்பிணிப் பதிவு எண்ணான ஆர்.சி.ஹெச். எண்ணைக் கொடுத்தார். அப்போது ஹீமோகுளோபின் 9.6. முப்பதாவது வாரத்தில் 8.2-க்கு இறங்கியது. நான்கு முறை இரும்புச்சத்து ஊசி ஏற்ற வேண்டும் என்று எழுதினார்கள். ஒரு முறைதான் வந்தார்.

முப்பத்தெட்டாவது வாரம், இரவு 11.20-க்கு நோவு தொடங்கியது. அவருடைய அம்மா பக்கத்து வீட்டுப் பையனிடம் கைபேசியைக் கொடுத்து 108 அழைக்கச் சொன்னார். எடுத்தவர் கேட்டது: "எக்கட நுஞ்சி மாட்லாடுத்துன்னாரு?" (எங்கிருந்து பேசுகிறீர்கள்?) பையன்: "முகாமில இருந்து கதைக்கிறன். பிள்ளைத்தாச்சிக்கு நோவு, கெதியா வண்டி அனுப்புங்கோ." அழைப்பு ஆந்திராவின் மையத்துக்குப் போயிருந்தது. ஊர்ப் பெயரைப் புரியவைத்து, அது தங்கள் மாநிலம் இல்லை என்று அவர்கள் சொல்லி, மறுபடி முயன்று, கடைசியில் ஆட்டோ பிடித்து வட்டார மருத்துவமனையை அடைந்தபோது மணி 12.35.

2.05-க்குக் குழந்தை பிறந்தது, 2.7 கிலோ. கருப்பையைச் சுருக்கும் ஆக்ஸிடோசின் 10 யூனிட் தசையில் போட்டார்கள். எட்டாவது நிமிடத்தில் நஞ்சுக்கொடி வந்தது. "ரத்தம் கொஞ்சம் கூடுதல்" என்று குறிப்பில் இருக்கிறது, அளவு இல்லை. 2.40-க்கு நாடித்துடிப்பு 118, ரத்த அழுத்தம் 90/60. சொட்டு மருந்தில் ஆக்ஸிடோசின் 20 யூனிட் சேர்த்தார்கள். ரத்தப்போக்கை நிறுத்த உதவும் டிரானெக்ஸாமிக் அமிலம் கையிருப்பில் இருந்தது. ஆனால் மருந்தகம் பூட்டியிருந்தது, சாவி பகல் பணியாளரிடம். 3.10-க்கு மேல்சிகிச்சைக்கு அனுப்ப முடிவெடுத்து, வண்டி கிளம்பி, சென்னையில் இறக்கும்போது 4.40. ஹீமோகுளோபின் 4.9. மூன்று யூனிட் ரத்தம் ஏற்றினார்கள். தாய் பிழைத்தார்.

கதை அங்கே முடிந்துவிடவில்லை. முகாமில் ஆட்களைக் கணக்கெடுக்கும் தணிக்கை நாளுக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்று கணவர் அவசரப்படுத்த, ஆறாம் நாள் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தார். குடும்பநல முறை பற்றிய கட்டத்தில் "பிறகு" என்று எழுதியிருந்தது. இரண்டரை மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். நான்காவது மாதம் மீண்டும் கரு. மருந்துக்கடையில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போட்டு, ஒன்பது நாள் ரத்தம் போய், ஹீமோகுளோபின் 7.1 என்ற நிலையில் கிளினிக்குக்கு வந்தார்.

இறந்திருந்தால் மாவட்ட அளவில் தாய் இறப்புத் தணிக்கை நடந்திருக்கும். பிழைத்ததால் எந்தக் கோப்பும் திறக்கப்படாது. இந்த நிகழ்வை எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

நெருக்கடிக் காலத் தொகுப்பும் நாற்பது வயதான முகாமும்

போர், பேரிடர் பகுதிகளுக்கென்று உலக அளவில் ஒரு வழிமுறை உண்டு. 1994 கெய்ரோ மக்கள்தொகை மாநாட்டுக்குப் பின் 1995-ல் உருவான பல அமைப்புகளின் பணிக்குழு அதை வகுத்தது. குறைந்தபட்ச முதற்கட்டச் சேவைத் தொகுப்பு என்று சொல்லலாம். 2018-ல் திருத்திய வடிவத்தில் ஆறு நோக்கங்கள்: ஒருங்கிணைக்கும் பொறுப்பு ஒருவரிடம் இருக்க வேண்டும்; பாலியல் வன்முறையைத் தடுத்து, பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை தர வேண்டும்; எச்.ஐ.வி. மற்றும் பால்வினை நோய்ப் பரவலைக் குறைக்க வேண்டும்; தாய், சேய் இறப்பைத் தடுக்க வேண்டும்; வேண்டாத கருவைத் தடுக்க வேண்டும்; மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் முழுமையான சேவைக்கு மாற வேண்டும். சட்டம் அனுமதிக்கும் அளவுக்குப் பாதுகாப்பான கருக்கலைப்பும் இதோடு சேரும்.

இந்த ஆறாவது நோக்கம்தான் நம் முகாம்களில் முடிக்கப்படாமல் கிடக்கிறது. ஆறு மாதத்தில் முடிய வேண்டிய மாற்றம் நாற்பது ஆண்டு ஆகியும் அரைகுறை. முதல் நோக்கமும் அப்படியே. முகாமின் நிர்வாகம் வருவாய்த் துறையிடமும் மறுவாழ்வுத் துறையிடமும், கண்காணிப்பு காவல்துறையின் கியூ பிரிவிடம், கர்ப்பிணிப் பதிவு சுகாதாரத் துறையிடம், சத்துமாவு அங்கன்வாடியிடம். ஆளுக்கொரு துண்டு. நடுராத்திரி 11.20-க்கு யாருடைய தொலைபேசி அடிக்க வேண்டும் என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை.

தொகுப்பின் கணக்குகளையும் அப்படியே தூக்கி இங்கே வைக்கக் கூடாது. தரவு கிடைக்காத இடத்தில் மக்கள்தொகையில் 4 சதவீதப் பிறப்பு என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது அது. 3,000 பேர் முகாமுக்கு ஆண்டுக்கு 120 பிரசவம் என்று வரும். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் ஆயிரத்துக்கு ஏறக்குறைய 14. அப்படிப் பார்த்தால் 42 பிரசவம்தான், மாதத்துக்கு மூன்று அல்லது நான்கு. எந்த ஒரு நாளிலும் முகாமில் சுமார் 30 கர்ப்பிணிகள். நூற்றுக்கு 15 பேருக்குச் சிக்கல் வரும் என்ற கணக்கில் ஆண்டுக்கு ஆறு பேர்.

இன்னொரு பக்கம், தொகுப்பு 5 முதல் 15 சதவீதம் அறுவைப் பிரசவம் என்று எதிர்பார்க்கிறது. தமிழ்நாட்டிலோ 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 44.9 சதவீதம். ஆகவே 42-ல் ஏறக்குறைய 19 பேர் வயிற்றில் தையலோடு முகாமுக்குத் திரும்புகிறார்கள். பத்துக்குப் பத்தடி அறையில், கழிப்பறைக்கு வெளியே நடந்து, குடம் தூக்கி அந்தத் தையல் ஆற வேண்டும். ஐ.நா. மக்கள்தொகை நிதியத்தின் பிரசவப் பெட்டிகளை இறக்கினால் இந்தத் தேவை தீராது. வீட்டுக்கு வந்து தையலைப் பார்க்கும் செவிலியர் தேவை. பிரசவம் குறைவு என்பதற்கு வேறொரு விளைவும் உண்டு. கடும் ரத்தப்போக்கு ஓராண்டில் ஒன்று வரலாம், அடுத்த ஈராண்டில் ஒன்றும் வராமல் இருக்கலாம். கை பழக வாய்ப்பே இல்லாததால் ஒத்திகை இல்லாவிட்டால் திறமை போய்விடும்.

இரும்பு ஊசி நான்கு, வந்தது ஒன்று

தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ரத்தசோகை. எனவே 8.2 என்பது அபூர்வம் அல்ல. ஆனால் முப்பதாவது வாரத்தில் 8.2 என்றால், நல்ல உடல் தாங்கும் ரத்த இழப்பு இவரைச் சாய்த்துவிடும். தேவையைக் கணக்கிடும் முறை எளிது: எடையைக் குறைபாட்டால் பெருக்கி, அதை 2.4-ஆல் பெருக்கி, சேமிப்புக்கு 500 கூட்டவும். 45 கிலோ, 11-க்குக் கொண்டுவர 2.8 குறைவு. 45 × 2.8 × 2.4 = 302, அதோடு 500 சேர்த்தால் ஏறக்குறைய 800 மில்லிகிராம். அயர்ன் சுக்ரோஸ் ஒரு அமர்வில் 200 மில்லிகிராமுக்கு மேல் ஏற்றுவதில்லை. 100 மில்லி சாதா சலைனில் கலந்து 15 முதல் 20 நிமிடம். ஆக நான்கு அமர்வு, ஒருநாள் விட்டு ஒருநாள்.

தின ஊதியம் போகும் பெண்ணுக்கு நான்கு அமர்வு என்பது நான்கு நாள் கூலியும் பஸ் காசும். "சொன்னோம், வரவில்லை" என்று அட்டையில் எழுதிவிடுவது எளிது. இந்த இடத்தில் மருந்தையே மாற்ற வேண்டும். ஃபெரிக் கார்பாக்ஸிமால்டோஸ் ஒரே அமர்வில் 1,000 மில்லிகிராம் வரை, கிலோவுக்கு 20 மில்லிகிராம் மிகாமல், 15 நிமிடத்தில் ஏற்றலாம். 45 கிலோ பெண்ணுக்கு 900 வரை இடமுண்டு. 800 தாராளமாக அடங்கும். ஷிப்ட் மாறும் ஞாயிற்றுக்கிழமையில் ஒரே வருகையில் முடிந்துவிடும். ஒவ்வாமை வந்தால் சமாளிக்க அட்ரினலினும் ஆக்ஸிஜனும் பக்கத்தில் இருக்க வேண்டும், ஏற்றிய பின் அரைமணி நேரம் உட்கார வைக்க வேண்டும், முதல் மூன்று மாதத்தில் கொடுக்கக் கூடாது. விலை கூடுதல்தான். மூன்று யூனிட் ரத்தத்தின் செலவோடு வைத்துப் பார்த்தால் அது பெரிதல்ல.

மாத்திரை சாப்பிடுகிறவர்களிடமும் ஒன்றைக் கேட்டாக வேண்டும்: கால்சியத்தையும் இரும்பையும் சேர்த்தா விழுங்குகிறீர்கள்? சேர்த்தால் இரும்பு உடலில் சேராது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். சாப்பிட்ட கையோடு தேநீரும் ஆகாது. காலையில் ஷிப்டுக்கு ஓடும் அவசரத்தில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக்கொள்வதுதான் வழக்கம்.

கோபுரம் மாறினால் மாநிலம் மாறும்

108 ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி மையம். ஆந்திராவில் 2005-லும் தமிழ்நாட்டில் 2008-லும் தொடங்கியது. கைபேசி எந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அந்த மாநிலத்துக்கு அழைப்பு போகும். எல்லைக் கிராமங்களில் வீட்டின் முன்வாசலில் ஒரு மாநிலம், கொல்லையில் இன்னொரு மாநிலம் என்று மாறும்.

செலவே இல்லாத தீர்வுகள் இருக்கின்றன. முதலாவது, அந்த வட்டாரத்து 108 வண்டி நிற்கும் நிலையத்தின் எண்ணும், பிரசவ அறையின் நேரடி எண்ணும் ஒவ்வொரு கர்ப்பிணியின் தாய்-சேய் நல அட்டையின் பின்னட்டையில் பேனாவால் எழுதப்பட வேண்டும். அச்சிட்ட நோட்டீஸ் சுவரில் இருக்கும். நோவு வரும்போது கையில் இருப்பது அட்டைதான். இரண்டாவது, அழைப்பவர் முதல் வாக்கியத்திலேயே மாநிலம், மாவட்டம், வட்டம் மூன்றையும் சொல்லப் பழக்க வேண்டும். ஊர்ப் பெயரில் ஆரம்பித்தால் தெலுங்கு பேசும் பணியாளர் குழம்புவார். மூன்றாவது, தெலுங்கில் குரல் கேட்டால் வாதாடாமல், "தமிழ்நாடு 108-கி கலப்பண்டி" (தமிழ்நாடு 108-க்கு இணைத்துவிடுங்கள்) என்று ஒரே வரி சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். முகாமில் பிள்ளைகள் இந்த வரியை ஒரு மாலையில் கற்றுக்கொள்வார்கள்.

பேறுகால வண்டிக்கு இரவில் முகாம் வாயிலில் கேள்வி எழக்கூடாது என்பதையும் வாய்வார்த்தையாக விட்டால் போதாது. முப்பத்தாறாவது வாரம் தொடங்கும் தாய்மார்களின் பட்டியலைச் செவிலியர் மாதா மாதம் முகாம் பொறுப்பாளரிடம் கொடுத்து, இவர்களும் துணைக்கு இருவரும் எந்நேரமும் வெளியே போகலாம் என்று எழுத்தில் கையொப்பம் வாங்க வேண்டும். பட்டியலில் நோய் விவரம் எதுவும் இருக்கக் கூடாது. பெயரும் வீட்டு எண்ணும் போதும்.

2.05-க்கும் 3.10-க்கும் நடுவில்

பிரசவத்துக்குப் பின் வரும் ரத்தப்போக்கைக் கவனிக்காமல் விட்டால் சராசரியாக இரண்டு மணி நேரத்தில் உயிர் போகும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் இங்கே கழிந்தது. காரணங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

அளக்கவில்லை. கண்ணால் மதிப்பிட்டால் உண்மையான இழப்பில் பாதிதான் தெரியும். ரத்தம் அதிகமாக அதிகமாக மதிப்பீடு இன்னும் குறையும். தாயின் இடுப்புக்குக் கீழே விரித்து, நுனியில் அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் பையோடு கூடிய விரிப்பு இதற்காகவே இருக்கிறது. 2006-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த பெல்காம் ஆய்வில் பயன்பட்டது அப்படி ஒன்றுதான். விரிப்பு இல்லாவிட்டால் நனைந்த துணியையும் பஞ்சையும் எடைபோட்டு, காய்ந்த எடையைக் கழித்தால் ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. 500 மில்லி ஆனால் சிகிச்சை தொடங்க வேண்டும். 300 மில்லி தாண்டும்போதே நாடியோ அழுத்தமோ கெட்டிருந்தால் 500-க்குக் காத்திருக்கக் கூடாது. நாடித்துடிப்பை மேல் ரத்த அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பதும் நல்ல கைக்கணக்கு. 0.9-ஐத் தாண்டினால் ஆபத்து. இவருக்கு 2.40-க்கு 118-ஐ 90-ஆல் வகுத்தால் 1.3. "அழுத்தம் 90 இருக்கிறதே" என்று ஆறுதல் அடைந்த இடம் அது.

ஆக்ஸிடோசின் வெளியே இருந்தது. அது 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டிய மருந்து. பிரசவ அறைத் தட்டில் இரவு பகலாகக் கிடந்தால், எல்லையோர மே மாத வெயிலில் வீரியம் குறைந்துகொண்டே போகும், பார்த்தால் தெரியாது. பிரசவ அறைக்கு ஃபிரிட்ஜ் இல்லையென்றால் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டியில் தனிப் பெட்டியாக வைக்கலாம். பிரசவம் நெருங்கும்போது எடுத்து ஐஸ் பேக் போட்ட சின்ன டப்பாவில் கொண்டுவந்தால் போதும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்துக்கு வெப்பம் தாங்கும் கார்பெடோசின் 100 மைக்ரோகிராம் நல்ல மாற்று. ஆனால் அது தடுப்புக்கு மட்டும்.

டிரானெக்ஸாமிக் அமிலம் பூட்டுக்குள் இருந்தது. பிரசவம் ஆகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். ஒவ்வொரு 15 நிமிடத் தாமதமும் பலனில் சுமார் 10 சதவீதத்தைத் தின்கிறது. 1 கிராம் நரம்பில், பத்து நிமிடத்தில் மெதுவாக. அரைமணி கழித்தும் நிற்காவிட்டால் இன்னொரு 1 கிராம்.

இவற்றை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்து பார்ப்பதுதான் பழைய பழக்கம்: மசாஜ் பண்ணு, நிற்கவில்லையா, ஊசி போடு, நிற்கவில்லையா, அடுத்தது. 2023-ல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வு அந்தப் பழக்கத்தை உடைத்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியாவில் 80 மருத்துவமனைகள், 2 லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள். அளவு விரிப்போடு, மசாஜ், கருப்பை சுருக்கும் மருந்து, டிரானெக்ஸாமிக் அமிலம், நரம்பு வழித் திரவம், காரணம் தேடும் பரிசோதனை ஆகிய எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்தபோது கடும் விளைவுகள் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆக இறங்கின. போர்ப் பகுதிகளுக்கும் முகாம்களுக்கும் இதைவிடப் பொருத்தமான பாடம் இல்லை. பெரிய கருவி எதுவும் இல்லை, புது மருந்தும் இல்லை. இருப்பதைச் சேர்த்து வைத்ததுதான் வித்தியாசம்.

அந்தச் சேர்த்துவைத்தல் ஒரு பெட்டியில் தொடங்குகிறது. உள்ளே இருக்க வேண்டியவை: அளவு விரிப்பு 1, மிசோப்ரோஸ்டால் 200 மைக்ரோகிராம் மாத்திரை 4 (நாக்கடியில் 800), டிரானெக்ஸாமிக் அமிலம் 500 மில்லிகிராம் ஆம்ப்யூல் 4, ரிங்கர் லாக்டேட் 500 மில்லி பாட்டில் 4, 16 மற்றும் 18 அளவு கேனுலா தலா 2, ரத்தம் ஏற்றும் செட் 2, சிறுநீர்க் குழாயும் பையும், ரத்த மாதிரிக்கு ஊதா மூடி, சிவப்பு மூடி குழாய்கள், கருப்பைக்குள் பலூனாகப் பயன்படுத்த ஆணுறை 2 மற்றும் கட்டுவதற்கு நூல். ஆக்ஸிடோசின் 5 யூனிட் ஆம்ப்யூல் 8 குளிர்பெட்டியில். அதை எடுக்க வேண்டும் என்று பெட்டி மூடியில் பெரிதாக எழுதியிருக்க வேண்டும். பூட்டு வேண்டாம். எண் போட்ட பிளாஸ்டிக் சீல் போதும். யார் வேண்டுமானாலும் பிய்க்கலாம், பிய்த்தால் தெரியும். ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் சீல் எண்ணைப் பார்த்துக் கையொப்பம். சீல் அப்படியே இருந்தால் உள்ளே எண்ண வேண்டியதில்லை, அரை நிமிட வேலை. சாவி காணாமல் போவதற்கும் திருட்டுக்குப் பயந்து பூட்டுவதற்கும் இதுவே விடை.

பேறுகால வலிப்புக்கும் இதே பெட்டி முறைதான். முதல் தவணைக்கு மெக்னீசியம் சல்பேட் 50 சதவீதம், 1 கிராம் ஆம்ப்யூல் 10. இரு பிட்டத்திலும் 5 கிராம் வீதம். மெக்னீசியம் மிகுந்தால் முறிக்கும் மருந்தான கால்சியம் குளுக்கோனேட் அதோடு சேர்ந்தே இருக்க வேண்டும். பத்து ஆம்ப்யூலைப் பார்த்து "இவ்வளவா?" என்று பயந்து பாதி போட்டு அனுப்புவது அடிக்கடி நடக்கும் பிழை.

மேல்மருத்துவமனைக்கு அனுப்பும் முடிவும் தாமதமானது. சென்னைத் துறைமுகத்தை நோக்கி கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும் சாலை அது. பின்னிரவில் 40 கிலோமீட்டருக்கு மேல் என்றால் ஒரு மணிக்குக் குறையாது. எனவே முடிவெடுக்கும் நேரத்தை மட்டும்தான் நம்மால் சுருக்க முடியும். முதல் சிகிச்சை கொடுத்து 15 நிமிடத்தில் நிற்கவில்லையென்றால் வண்டியை அழைத்துவிட வேண்டும். நின்றுவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்பலாம், அதில் அவமானம் ஒன்றும் இல்லை. போகும் வழியெல்லாம் கருப்பையை இரு கையால் அழுத்திப் பிடிக்க ஒரு செவிலியர் கூடப் போக வேண்டும். ரத்த வகை, ஹீமோகுளோபின், கொடுத்த மருந்து, நேரம் நான்கையும் போனில் முன்கூட்டிச் சொன்னால், இறங்கும்போது ரத்தம் தயாராக இருக்கும்.

"பிறகு" என்று எழுதிய கட்டம்

தாய்ப்பால் கொடுத்தால் கரு தங்காது என்று அவர் நம்பியிருந்தார். அது மூன்றும் சேர்ந்தால்தான்: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகாமல், மாதவிலக்கு திரும்பாமல், இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே. ஷிப்டுக்குப் போனபோது மூன்றாவது போய்விட்டது. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

மருத்துவமனையில் இருந்த ஆறு நாளில் கேட்டிருந்தால் வழிகள் இருந்தன. நஞ்சுக்கொடி வந்த பத்து நிமிடத்திலோ 48 மணி நேரத்துக்குள்ளோ காப்பர்-டி வைக்கலாம். ஆனால் ரத்தப்போக்கு அடங்காத நேரத்தில் வைக்க முடியாது. இவருக்கு அந்த வாய்ப்பு தவறியது. சாயா என்ற கருத்தடை மாத்திரையைப் பாலூட்டுபவர்களும் எடுக்கலாம்: முதல் மூன்று மாதம் வாரம் இருமுறை, பிறகு வாரம் ஒருமுறை. கிழமை மறந்துபோகும் என்பது இதன் பலவீனம். அந்தரா என்ற கருத்தடை ஊசி பிரசவமாகி ஆறு வாரம் கழித்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நாள் தவறினாலும் நான்கு வாரம் வரை போடலாம். அந்த நான்கு வார அவகாசத்தைச் சொல்லாததால், இரண்டு நாள் தவறியதுமே முறையையே விட்டுவிடுகிறார்கள்.

முகாமில் குடும்பக் கட்டுப்பாடு என்றதும் அறுவையைத்தான் முன்வைக்கிறார்கள். போரில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் இருக்கிற இடத்தில் நிரந்தர அறுவையை முதல் பேச்சாக எடுப்பது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. தற்காலிக முறைகள் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துவிட்டு, முடிவை அந்தப் பெண்ணிடம் விட வேண்டும். மாமியார், கணவர் வெளியே நிற்கும்போது கேட்க வேண்டும்.

மருந்துக்கடை மாத்திரைக்கு அவர் போனது அறியாமையால் அல்ல. கிளினிக்கில் பேர் எழுதினால் முகாம் முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயத்தால். சட்டம் அவர் பக்கம் இருந்தது. கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பின் 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். கருத்தடை முறை தவறியது என்ற காரணத்துக்குத் திருமணமானவரா என்ற கேள்வி இல்லை. பெயரை வெளியிடும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை. 24 வாரம் வரை அனுமதிக்கப்படும் பிரிவினரில், அரசு அறிவிக்கும் மனிதநேய நெருக்கடிச் சூழலில் உள்ள பெண்களையும் 2021 விதிகள் சேர்த்திருக்கின்றன. ஹீமோகுளோபின் தெரியாமல், கருப்பைக்கு வெளியே கரு இருக்கிறதா என்று பார்க்காமல் மாத்திரை போடுவதுதான் ஆபத்து. அதே மாத்திரை ஒன்பது வாரத்துக்குள் மருத்துவர் கண்காணிப்பில் பாதுகாப்பானது. கிளினிக் நாளில் "பெண்கள் நலம்" என்று ஒரே வரிசை வைத்து, யார் எதற்கு வந்தார் என்று வெளியே தெரியாதபடி செய்வது முதல் வேலை.

வன்முறைக்குப் பின் வரும் பெண்

இந்தத் தாயின் கதையில் இது இல்லை. ஆனால் தொகுப்பின் இரண்டாவது நோக்கம் இது, முகாமில் மிக மௌனமாக இருப்பதும் இதுவே. காவல்துறைக் கண்காணிப்பிலேயே வாழ்கிறவர்களுக்கு மருத்துவமனையிலும் காவல்துறை வரும் என்றால் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டார்கள். ஊழியர்கள் தெளிவாக அறிய வேண்டியது: சிகிச்சைக்கு முதல் தகவல் அறிக்கை தேவையில்லை. எல்லா மருத்துவமனையும் உடனே இலவசமாகச் சிகிச்சை தர வேண்டும். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பது உண்மை. ஆனால் பெண் வழக்கு வேண்டாம் என்றால் அதை எழுத்தில் பதிந்துவிட்டு சிகிச்சையைத் தொடரலாம் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதல் சொல்கிறது. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் போக்சோ சட்டப்படி தெரிவித்தே ஆக வேண்டும். அதை முதலிலேயே அந்தச் சிறுமியிடம் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும்.

நேரம் இங்கே மணிக்கணக்கு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணிக்குள் தொடங்கி 28 நாள். கருத்தடைக்கு லெவோநார்ஜெஸ்ட்ரெல் 1.5 மில்லிகிராம், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, ஐந்து நாள் வரை கொடுக்கலாம். தடய மாதிரி 96 மணி வரை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி, டெட்டனஸ், பால்வினைத் தொற்றுக்கு மருந்து. இரு விரல் பரிசோதனை கூடாது. 2022-ல் உச்ச நீதிமன்றம் அதைச் செய்பவர்மீது ஒழுங்கு நடவடிக்கை என்றே சொல்லிவிட்டது. இவை அனைத்தும் ஒரு பையில், இரவுப் பணியாளருக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். 181 என்ற பெண்கள் உதவி எண்ணையும் ஒருங்கிணைந்த சேவை மையத்தையும் சொல்லும்போது, எண்ணைக் கொடுத்து அனுப்பாமல் அங்கிருந்தே அழைத்துக் கொடுப்பது நல்லது.

யார் பொறுப்பு, எதை அளப்பது

வட்டார மருத்துவ அலுவலரை இந்த முகாமின் பேறுநலப் பொறுப்பாளராக ஆணையிலேயே எழுத வேண்டும். மாதம் ஒருமுறை தனி வட்டாட்சியர், செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர், முகாம் பெண்கள் குழுவில் இருவர் ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். முகாமினருக்கு அரசு பணக்கொடை வழங்கும் நாள் வசதி, எல்லோரும் அங்கேயே இருப்பார்கள். தணிக்கை நாளில் மருத்துவமனையில் இருப்பவரும் துணைக்கு இருப்பவரும் வராதவராகக் கணக்கிடப்பட மாட்டார்கள் என்ற ஒரு வரி உத்தரவை அந்தக் கூட்டத்தில்தான் வாங்க முடியும். ஆறாம் நாள் கையெழுத்துப் போட்டு வெளியேறும் நிலை அதோடு தீரும்.

அளக்க வேண்டியவை நான்கு போதும்: ஹீமோகுளோபின் 9-க்குக் கீழ் கண்டவர்களில் இரும்பு ஊசியை முழுமையாக முடித்தவர்கள், பிரசவத்தில் ரத்தம் அளவு எழுதப்பட்ட தாள்கள், அழைத்த நேரத்துக்கும் பிரசவ அறைக்கு வந்த நேரத்துக்கும் இடைவெளி, வீடு திரும்பும்போது, தாய் தானே தேர்ந்த முறையோ, யோசித்து வேண்டாம் என்ற பதிலோ அட்டையில் இருக்கிறதா என்பது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரவு ஷிப்டில் முன்னறிவிப்பில்லாமல் ஒத்திகை. பொம்மை வேண்டாம், ஊழியர் ஒருவரே படுத்துக்கொள்ளலாம். இரண்டு மூன்று கப் சிவப்புத் தண்ணீர் போதும். பார்க்க வேண்டியது சீல் எத்தனை நிமிடத்தில் பிய்ந்தது என்பதையும், முதல் 15 நிமிடத்தில் எந்த மருந்து கைக்கு வரவில்லை என்பதையும்.

தீராமல் நிற்பது எல்லை தாண்டிய தொடர்ச்சி. கணவரின் வேலையைத் தொட்டு சூளூர்பேட்டை, தடா பக்கம் மாதக்கணக்கில் தங்கும் தாய்க்கு அந்தப் பக்கத்தில் புதுப் பதிவு, புது எண், தெலுங்கில் அட்டை. தமிழ்நாட்டு அட்டையில் எழுதியது அங்கே படிக்கப்படுவதில்லை. இரு மாநில இணையப் பதிவேடுகளை இணைப்பது மேலிருந்து வர வேண்டியது. அதுவரை, அட்டையின் முதல் பக்கத்தில் ரத்த வகை, கடைசி ஹீமோகுளோபின், முந்தைய அறுவை, முந்தைய ரத்தப்போக்கு ஆகிய நான்கையும் தெலுங்கிலும் எழுதி ஒட்டலாம். இரு பக்கத்து வட்டார மருத்துவ அலுவலர்களும் ஒருவர் எண்ணை ஒருவர் வைத்துக்கொண்டு, எட்டாவது மாதத்துக்கு மேல் இடம்மாறும் தாய்மார்களின் விவரத்தை வாரம் ஒருமுறை பரிமாறிக்கொள்ள இரு மாவட்ட ஆட்சியர்களின் கடிதம் ஒன்று போதும்.